ஆ அறையில் ஒரு தையல்காரர்

முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளும் வரம் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை, கண்ணுகளா. நம் தையல்காரருக்கு அது கிடைக்கவே இல்லை. கடைக்குள் யார் வந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். குரலில் மரியாதை இருக்கும், கண்ணில் 'இது யாராக இருக்கும்' என்ற தவிப்பு இருக்கும். வந்தவர் திரும்பி நின்று, அளவு நாடா முதுகில் விழுந்த பிறகுதான் தையல்காரரின் முகம் மலரும். "அடடே, வங்கி மேனேஜரா! இடது தோள் ஒரு விரல்கடை இறக்கமாச்சே, மறப்பேனா?" என்பார். மேனேஜர் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் நிற்பார்.

ஊரார் இதைச் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் தையல்காரரே சொல்லிச் சிரித்துவிடுவார். "கடவுளே நேர்ல வந்தாக்கூட, கொஞ்சம் திரும்பி நில்லுங்க சாமின்னுதான் நான் சொல்லுவேன்" என்பார். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்கிறவனை மற்றவர்கள் கொஞ்சமாகத்தான் கிண்டல் செய்வார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. மனைவியிடம் மட்டும் அந்தக் கணக்கு ஒருநாளும் பலித்ததில்லை.

பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊராகப் போன பிறகு, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று மனைவி ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டியை வாங்கி வந்தாள். சின்னவள் என்று பெயர் வைத்தாள். சின்னவள் வளர்ந்து பெரியவளான பிறகும் பெயர் மாறவில்லை. வீட்டின் முன்பக்கமே கடை என்பதால், பகல் முழுக்க அவளுக்குத் தையல் மெஷினுக்கு அடியில்தான் வாசம். வெட்டி விழும் துணித் துண்டுகளைத் தின்பாள். தூக்கம் வந்தால், மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டிருக்கும் தையல்காரரின் வலது பாதத்தில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கால் நின்றுவிடும். மெஷின் நின்றுவிடும். "போச்சு, இன்னைக்கும் ஒரு சட்டை போச்சு. இந்தச் சனியனை வச்சுக்கிட்டு எவனாவது தொழில் பண்ண முடியுமா?" என்று கத்துவார். கத்துவாரே தவிர, காலை உருவிக்கொள்ள மாட்டார். அவள் எழுந்திருக்கும்வரை கையால் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்த வலது காலைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். தையல்காரருக்குப் பயம் வந்தால் அந்தக் கால் தானாக மிதிக்க ஆரம்பித்துவிடும். மிதிக்கட்டை வேண்டாம், மெஷின் வேண்டாம். ஆஸ்பத்திரி பெஞ்சில், பல் டாக்டர் நாற்காலியில், வருமான வரி அலுவலகத்தில் என்று அந்தக் கால் இந்த உலகத்தில் எத்தனையோ கெஜம் துணியைக் காற்றிலேயே தைத்திருக்கிறது.

ஒரு நாள் மனைவி வாசல் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு படுத்தபடி, "சின்னவளைக் கயித்துல கட்டுங்க, கதவு திறந்து கிடக்கு" என்றாள். கயிறு கொல்லையில் இருந்தது. தையல்காரர் ஒரு பேன்ட்டின் கால் மடிப்பில் இருந்தார். பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், இடுப்புக்கு வைக்கும் எலாஸ்டிக் சுருள் இருந்தது. ஆட்டின் கழுத்தில் ஒரு முனை, மெஷின் காலில் மறுமுனை. நல்ல இறுக்கமான முடிச்சு. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சின்னவள் வாசலுக்குப் போனாள், எலாஸ்டிக் கூடவே வந்தது. தெருவுக்குப் போனாள், கூடவே வந்தது. முக்குவரை வந்தது. அங்கேதான் 'டப்' என்று ஒரு சத்தம். தையல்காரர் நூல் சுற்றிய பாபின்தான் கீழே விழுந்துவிட்டது என்று குனிந்து தேடினார்.

"எலாஸ்டிக்கா? ஆட்டை எலாஸ்டிக்குல கட்டினீங்களா?"

"நல்ல எலாஸ்டிக்கும்மா. எவ்வளவு பெரிய வயிறா இருந்தாலும் தாங்கும்."

"தாங்கும். பிடிச்சு நிறுத்துமா?"

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பொழுதுக்கும் நான் அவகிட்டதான் பேசிக்கிட்டிருப்பேன். இனிமே யாருகிட்ட பேசறது? நீங்க வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு 'ம்'முனு சொல்வீங்க" என்றாள் சுவரிடம்.

தையல்காரரின் வலது கால் மிதிக்க ஆரம்பித்தது.

தெருவில் திரியும் விலங்குகளைப் பிடித்துப்போவதற்கு அந்த ஊரில் ஒரு விலங்கு அடையாள நிலையம் இருந்தது. அழகான பெரிய கட்டடம். வாசலில் 'முதலெழுத்தே முதல் அடையாளம்' என்று பித்தளையில் பொறித்திருந்தார்கள். காலையில் கதவு திறப்பதற்கு முன் ஊழியர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, நெஞ்சில் கை வைத்து, உயிரெழுத்து பன்னிரண்டையும் உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே இருந்து விலங்குகளும் சேர்ந்து கத்தும். தூரத்திலிருந்து கேட்பவர்களுக்கு எது ஊழியர், எது மற்றது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

தையல்காரர் அங்கே போனபோது ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"என்ன எழுத்து?"

"ஆட்டைக் காணோம்ங்க. வெள்ளை ஆடு. பொட்டை. கொம்பு..."

"என்ன எழுத்துன்னு கேட்டேன்."

"ஆடுங்க."

"ஆ." குமாஸ்தா பெருமூச்சு விட்டார். "அதை முதல்லயே சொல்லக் கூடாதா? நிறம், கொம்பு, வயசு இதெல்லாம் இங்க பேசாதீங்க. நிறம் வெளுக்கும், கொம்பு உடையும், வயசு கேக்கவே வேண்டாம். முதலெழுத்து மாறுமா? செத்தாலும் மாறாது. வாங்க, காட்டறேன்."

நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் கதவுகள், கதவுக்கு ஒரு எழுத்து. குமாஸ்தா வீடு சுற்றிக் காட்டும் புதுப் பணக்காரர்போல முன்னால் நடந்தார்.

"இது மு அறை. முயலும் முதலையும் இருந்துச்சு. இப்போ நிர்வாகம் ரொம்ப சுலபமாயிடுச்சு, முதலை மட்டும்தான்."

"முயல்?"

"உள்ளதான் இருக்கு. ஒரு விதத்துல." அவர் நடையை நிறுத்தவில்லை. "இது உங்க ஆ அறை, ஆடுங்களோட ஆண் மயிலும் இங்கதான். அதோட ஜோடி பெண் மயில், பெ அறையில, அந்தக் கோடியில. குஞ்சுங்க ம அறை. எல்லாம் ஒரே குடும்பம்தான், ஆனா நாங்க குடும்பம் பார்த்து இடம் குடுக்கறதில்ல. லஞ்சம், சிபாரிசு எதுவும் இங்க செல்லாது."

ஒரு கதவு மட்டும் பளபளவென்று துடைத்து, மாலை போட்டு, மேலே வரிசையாகக் கேடயங்கள் மாட்டியிருந்தது. உள்ளே ஓர் அதிகாரியும் உதவியாளர்களும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். வேறு எந்த ஜீவனும் இல்லை.

"ங அறை. வருஷா வருஷம் சிறந்த அறை விருது இவங்களுக்குத்தான். ஒரு புகார் உண்டா, ஒரு நாத்தம் உண்டா? மத்த அறைங்களுக்கு இவங்கதான் வந்து பயிற்சி குடுக்கறாங்க."

தையல்காரர் அந்த அதிகாரியைப் பார்த்துத் தன்னையறியாமல் கும்பிட்டார். பின்னால் அதை நினைத்து வெட்கப்பட்டார், அது வேறு விஷயம்.

"நம்ம ஆட்டை எப்போ கூட்டிட்டுப் போலாம்ங்க?"

"வெள்ளிக்கிழமை பரீட்சை. பாஸானா சனிக்கிழமை காலையில அடையாள அணிவகுப்பு. சனிக்கிழமை மதியம் ஏலம்."

"ஏலமா?"

குமாஸ்தா ஜன்னல் வழியாக வாசலைக் காட்டினார். ஒருவர் கேட்டில் சாய்ந்துகொண்டு, பொறுமையாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். கறிக்கடைக்காரர். அவர் தையல்காரரைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார். தையல்காரருக்கு அந்த முகம் தெரியவில்லை. ஆனால் அந்த மேலங்கி தெரிந்தது. அவரே தைத்துக் கொடுத்தது, கறை தெரியாத துணியில்.

காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் ஓர் அம்மாள் ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே எல்லோருக்கும் அவள் ஆமை அக்கா.

"நீங்களும் ஆ-வா? உக்காருங்க தம்பி" என்று இடம் விட்டாள். "எனக்கு ஆமை. நான் மூணு தரம் ஃபெயில், நல்லவேளை ஏலத்துல ஆமையை யாரும் கேக்கல. இங்க எதைப் பிடிச்சு வச்சிருக்காங்க தெரியுமா, என் ஆமையை! அது தெருவுல திரிஞ்சுதாம்! அது எங்க வீட்டு வாசல்லருந்து குழாயடிக்கு வந்துக்கிட்டிருந்தது, அவ்வளவுதான். இவங்க சும்மா விட்டிருந்தா இந்நேரம் அதுவா திரும்பி வீட்டுக்கு வந்திருக்கும்."

"பரீட்சை எதுக்குக்கா? ஆடு என்னோடது. பார்த்தா..." என்று ஆரம்பித்த தையல்காரர், பார்த்தா தெரியாதா என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். பார்த்தால் தெரியுமா?

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது கண்ணை மூடிச் சின்னவளை நினைத்துப் பார்த்தார். கழுத்துச் சுற்றளவு வந்தது. வயிற்றின் சுற்றளவு வந்தது. மழைக்கு ஒரு சட்டை தைத்துப் போடச் சொல்லி மனைவி நச்சரித்தபோது எடுத்த அளவு. பாதத்தில் அழுத்தும் தாடையின் கனம்கூட வந்தது. முகம் மட்டும் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, வெட்டாத துணிபோல ஏதோ இருந்தது. "அடப்பாவி" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

நிலையத்தில் 'ஆ கையேடு' என்று ஒரு படப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். மனைவி படுத்தபடியே அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"இது?"

"யானை."

"ஆ-வுல வரணும்."

"யானைக்கு ஏதும்மா ஆ?"

"ஆப்பிரிக்க யானை. அடுத்த பக்கத்துல ஆசிய யானை. அவங்க நிலையத்துல வெறும் யானைன்னு ஒண்ணு கிடையாதாம். இது?"

"கோழியா?"

"ஆள்காட்டிக் குருவி! நல்லாப் பாருங்க!"

"நான் என்ன பண்றது, எல்லாமே முன்னாடி பார்த்துக்கிட்டு நிக்குது. திரும்பி நின்னாவாவது..."

மனைவி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அதுவே போதும் என்று அவர் விடிய விடிய ஆந்தையைப் படித்தார்.

வெள்ளிக்கிழமை பரீட்சைக்குத் தலைமை அடையாள அதிகாரியே வந்திருந்தார். கோட்டுப் போட்ட மனிதர். கோட்டின் தோளில் பஞ்சு அதிகம் என்பதைத் தையல்காரர் உடனே கவனித்தார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"அன்பர்களே! சிலர் கேட்கிறார்கள், சொந்த ஆட்டை வாங்கிக்கொள்ள எதற்குப் பரீட்சை என்று. நான் கேட்கிறேன், ஆந்தையையும் ஆமையையும் அடையாளம் தெரியாத ஒருவர் ஆட்டை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வார்? பாசம் இருக்கிறது என்பார்கள். பாசத்துக்கு முதலெழுத்து பா. அது ஆ அறைக்குள் வர முடியாது. நான் இந்தப் பதவியில் எத்தனையோ வருடங்களாக இருக்கிறேன். இதுவரை ஒரு விலங்கைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் என் நடுநிலை கெட்டுவிடும். கோப்புகளில் மட்டுமே பார்க்கிறேன். கோப்பு கடிக்காது, கத்தாது, அதற்குப் பசிக்காது. இந்த நிலையத்தை இத்தனை தூய்மையாக வைத்திருக்க முடிந்ததற்கு அதுதான் காரணம்."

ங அறை அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். கோடியில் பெண் மயில் ஒரு தரம் அகவியது.

பரீட்சை தொடங்கியது. ஒவ்வொரு படமாகத் தூக்கிக் காட்டினார்கள். தையல்காரர் வேறு வழியில்லாமல் தொழில் புத்தியை நம்பினார். கழுத்தே இல்லை, காலர் வைக்க முடியாது: ஆந்தை. முதுகு கெட்டி, ரெடிமேட், ஆல்டரேஷன் செய்ய வழியில்லை: ஆமை. ஒரு முழுத் தான் துணிக்கும் அடங்காது, காது பெரிசு: ஆப்பிரிக்க யானை. அதே துணி, காது சின்னது: ஆசிய யானை. பக்கத்தில் ஆமை அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

கடைசிப் படம். படம் முழுக்க ஒரே முகம், அண்மையில் எடுத்தது. உடம்பு இல்லை, தோள் இல்லை, முதுகு இல்லை. இரண்டு கண்கள் அவரையே பார்த்தன.

தையல்காரர் வெகுநேரம் பார்த்தார். "யாருங்க இது?" என்றார் கடைசியில்.

ஆடு.

குமாஸ்தா மதிப்பெண்களைக் கூட்டினார். ஆ எழுத்தில் தேர்ச்சி, ஆடு நீங்கலாக.

"அப்போ நான் ஃபெயிலுங்களா?"

"எப்படி ஃபெயில்? முதல் வகுப்பு! மொத்தத்துல கூட்டிப் பார்த்தா உங்களுக்கு ஆடும் தெரிஞ்ச மாதிரிதான்" என்று குமாஸ்தா கை குலுக்கினார். "யானை விஷயத்துல நீங்க சாதனை பண்ணியிருக்கீங்க. ரெண்டு யானை தொலைச்சிருந்தீங்கன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னார், தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு. 'யாருங்க இது' என்ற இடத்தைப் பெரிதாக நடித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நிஜமாவே பார்த்துச் சொல்லிடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலை ஆ அறைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் வெள்ளை ஆடுகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை. ஒரே மாதிரி மென்றுகொண்டிருந்தன. கறிக்கடைக்காரர் கேட்டைவிட்டு உள்ளே வந்து, மரியாதையாக ஓர் ஓரத்தில் நின்றார்.

குமாஸ்தா விதிகளைப் படித்தார். "பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தொடக் கூடாது. நாடா உபயோகிக்கக் கூடாது. அப்புறம் முக்கியமா, விலங்கு உங்களை அடையாளம் காட்டக் கூடாது. காட்டினா அது விசாரணையில தலையிட்ட மாதிரி."

தையல்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையை நெருங்கினார். அவ்வளவுதான், ஓர் ஆடு தலையைத் தூக்கி "ம்மேஏஏ" என்று முற்றம் அதிரக் கத்தியது. கட்டை இழுத்துக்கொண்டு அவர் பக்கம் பாய்ந்தது.

"தலையிட்டுடுச்சு சார்!" என்று குமாஸ்தா கூவினார்.

"தகுதி நீக்கம்" என்றார் தலைமை அதிகாரி, கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த ஆட்டை ஓரமாகக் கட்டுங்கள். மற்றவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும்."

தையல்காரர் அந்த ஆட்டைத் திரும்பிப் பார்த்தார். கத்தியது சின்னவளா? ஒருவேளை எல்லா ஆடுகளும் அப்படித்தான் கத்துமோ? மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. கறிக்கடைக்காரர் மேலங்கியைச் சரிசெய்துகொண்டார். மிச்சம் இருந்தவற்றில் ஒன்று அசையாமல், பயப்படாமல், அளவெடுக்க நிற்பவர்போல நின்றது. வயிற்றைக் கண்ணால் அளந்தார். கழுத்தை அளந்தார். சரியாக இருந்தது, விரல்கடைகூட வித்தியாசமில்லை.

"இதுதாங்க!" என்றார் உறுதியாக.

குமாஸ்தா சங்கடத்தோடு இருமினார்.

"அது கிடாங்க. கி அறையிலருந்து வரிசை நிரப்ப வாங்கினது."

கண்ணுகளா, ஒரு மனிதன் தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. தையல்காரர் அந்த எல்லையில் நின்றார். வாயில் சிரிப்பு தயாராக இருந்தது, பழக்கதோஷம். ஆனால் வீட்டில் மாவுக்கட்டோடு ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "என் பொண்டாட்டிகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" என்றார். யாரிடம் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது ஆமை அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஒரு காலத்தில் கூட்டமான பேருந்தில் பின் படிக்கட்டுவரை கேட்ட குரல் அது.

"சார்! அந்த விதியைக் கொஞ்சம் முழுசாப் படிங்க!"

தலைமை அதிகாரிக்கு விதி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், எழுந்து நின்றுவிடுவார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படித்தார்: "உரிமை கோருபவர், தமக்குரியதை, அதே முதலெழுத்துக் கொண்ட மற்றவற்றிலிருந்து பிரித்து அடையாளம் காட்ட வேண்டும்."

"உரிமை கோருறவர் மனுஷனாத்தான் இருக்கணும்னு அதுல எங்க இருக்கு?"

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெற்றாக இருந்தது.

"இந்த ஆடு உரிமை கோருது சார். முற்றமே அதிரக் கோருச்சு, எல்லாரும்தான் கேட்டோம். இந்தத் தம்பி தெருவுல தொலைஞ்சு போயிட்டார். அது தேடுது."

"அபத்தம்" என்றார் அதிகாரி.

"அபத்தமா? அபத்தத்துக்கு முதலெழுத்து அ சார். ஆ அறைக்குள்ள வராது."

குமாஸ்தாவின் கண்கள் பளபளத்தன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமான ஒரு விதிப் பிரச்சினையை அவர் பார்த்ததில்லை. "பொருந்துது சார்! தொலைஞ்சது ஆள். முதலெழுத்து ஆ. ஆ அறை அதிகார எல்லைக்குள்ளதான் வருது."

தலைமை அதிகாரி நெடுநேரம் யோசித்தார். பிறகு கம்பீரமாகச் சொன்னார்: "இல்லாத விதியை இருப்பதாக நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. இருக்கிற விதியால் யாருக்காவது நன்மை விளைந்துவிடுமோ என்று அஞ்சி நடுநிலையை விட்டுக்கொடுத்ததும் இல்லை. அணிவகுப்பு நடக்கட்டும். முறைப்படி!"

முறைப்படி ஆட்களை நிறுத்தினார்கள். குமாஸ்தா நின்றார். தோட்டி, காவலாளி, தண்ணீர் ஊற்றுகிறவர் நின்றார்கள். ஆள் போதவில்லை என்று கறிக்கடைக்காரரையும் இழுத்து நிறுத்தினார்கள். ங அறை அதிகாரி தம் அறையில் இதுவரை எதுவும் அடையாளம் காட்டப்பட்டதில்லை என்று மறுத்துப் பார்த்தார், விடவில்லை. "நானும் ஆபீசர், ஆ" என்று தலைமை அதிகாரியும் வரிசையில் வந்து நின்றார். பாரபட்சம் கூடாதென்று எல்லோருக்கும் ஒரே மாதிரி மேலங்கி, எல்லோர் கழுத்திலும் ஒரு நாடா, எல்லோர் பையிலும் ஒரு துண்டு தையல் சாக்பீஸ். தையல்காரரை நடுவில் நிறுத்தினார்கள்.

"ஆள் ஆட்டைக் கூப்பிடக் கூடாது" என்றார் குமாஸ்தா, தம் இடத்தில் நின்றபடியே.

ஓரமாகக் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். 'நான் உன்னைத் தெரியாதுன்னு சொன்னவன். உன் படத்தைப் பார்த்து யாருன்னு கேட்டவன். ஒரு கிடாவைக் காட்டி நீதான்னு சொன்னவன். என்னை உனக்கு எதுக்குத் தெரியணும்? சனியன்னு சொல்லாம ஒரு நாளாவது உன்னைக் கூப்பிட்டிருக்கேனா?' என்று மனதுக்குள் ஓடியது. வலது கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. மண்ணில் தட் தட் தட் தட்டென்று அது பாட்டுக்கு ஒரு சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தது.

ஆடு முதலில் குமாஸ்தாவிடம் போனது. முகர்ந்தது. காவலாளியைத் தாண்டியது. கறிக்கடைக்காரரைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனது. தலைமை அதிகாரியின் மேலங்கிப் பொத்தான் ஒன்றை வாயில் வாங்கி, ருசி பார்த்து, வேண்டாமென்று விட்டது. அதிகாரி தம் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஆட்டை நேரில் பார்த்தார். "இது எப்போதும் இப்படித்தான் ஈரமாக இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு அது நின்றது. காதை நிமிர்த்தியது. தட் தட் தட்.

தையல்காரர் தம் வலது பாதத்தில் ஒரு கனத்தை உணர்ந்தார். தாடையின் கனம். கால் நின்றுவிட்டது.

ஆமை அக்கா மூக்கை உறிஞ்சினாள். தையல்காரர் கண்ணைத் திறக்கவில்லை. "போச்சு, இன்னைக்கும் ஒரு சட்டை போச்சு" என்று முணுமுணுத்தார்.

பெற்றுக்கொண்டதற்கான ரசீதை ஆட்டின் முன் நீட்டினார்கள். அது பாதியைத் தின்றது. ஒப்புதல் என்று குமாஸ்தா மிச்சப் பாதியில் குறித்துக்கொண்டார். தையல்காரர் கழுத்தில் 'ஆ' என்ற அட்டையை மாட்டி, அவரை முறைப்படி ஆட்டிடம் ஒப்படைத்தார்கள். தலைமை அதிகாரி ஆட்டைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்: "இனிமேல் ஒழுங்காகக் கட்டிப்போட்டு வையுங்கள். மறுபடி தெருவில் திரிந்தால் நிலையம் பொறுப்பாகாது."

கேட்டுக்குப் போகும் வழியில் தையல்காரர் ஆமை அக்காவிடம் நின்றார். அவளும் அதே விதியில் மனுப் போட்டுவிட்டாள். முற்றத்தின் அந்தக் கோடியில் ஆமையை இறக்கிவிட்டிருந்தார்கள். இந்தக் கோடியில் வரிசையின் கடைசி ஆளாக அவள், பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தபடி.

"வருதாக்கா?"

"கிளம்பிடுச்சு" என்றாள் ஆமை அக்கா, ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டே. "நீங்க போங்க தம்பி, வீட்ல தேடுவாங்க. எனக்கென்ன அவசரம்?" வரிசையில் நின்ற தலைமை அதிகாரி கால் மாற்றி நின்றார்.

வீட்டில் மனைவி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதலில் ஆடு வந்தது. பின்னால், கயிற்றின் மறுமுனையில், கழுத்தில் அட்டையோடு கணவர் வந்தார்.

"யார் யாரைக் கூட்டிட்டு வந்தது?"

அவர் அட்டையைக் காட்டினார். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் மாவுக்கட்டு வலிக்க வலிக்கச் சிரித்தாள். கிடா வந்த இடத்தில் தலையணையை எடுத்து எறிந்தாள். பாதத்தில் தாடை வைத்த இடத்தில் மட்டும் சிரிப்பு நின்று, சின்னவளைக் கிட்டே கூப்பிட்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் ஆட்டைக் கயிற்றில், நிஜமான கயிற்றில், கட்டிவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். சின்னவள் வந்து அவர் காலில் தாடையை வைத்தாள். அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து, முதன்முதலாக, அந்த முகத்தைப் பார்த்தார். இடது கண்ணுக்குக் கீழே, கறுப்பு நூலில் ஒற்றைத் தையல் போட்டதுபோல ஒரு சின்னக் கோடு.

"ஏம்மா, இவ கண்ணுக்குக் கீழ ஒரு கோடு இருக்கே, இது எப்போலருந்து?"

"பிறந்ததுலருந்து" என்றாள் மனைவி கட்டிலிலிருந்து. பிறகு, "என் முகத்துல ஒரு மச்சம் இருக்கு. திரும்பிப் பார்க்காம சொல்லுங்க, எந்தப் பக்கம்?" என்றாள்.

தையல்காரர் நேராகச் சுவரைப் பார்த்தார். குண்டூசி எதையாவது வாயில் கவ்வலாமா என்று கை தேடியது. சின்னவள் தாடையைத் தூக்கி, சலிப்போடு தள்ளிப் படுத்துக்கொண்டாள்.

அவள் தாடைக்குக் கீழே இருந்த வலது கால் அதற்குள் மிதிக்க ஆரம்பித்திருந்தது.